ஜர்னலிங்: கோப்பு முறைமை எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் வட்டில் உள்ளவற்றுக்கு என்ன ஆகும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், "இப்போது எல்லாவற்றிலும் ஜர்னலிங் இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஜர்னல் என்பது கோப்புகளின் காப்பு நகல் என்று சிலர் எண்ணுகிறார்கள். அழித்த கோப்பை அதிலிருந்து திரும்பப் பெறலாம் என்பது வேறு சிலரின் எண்ணம். சேமி பொத்தானை அழுத்திய எதுவும் இனித் தொலையாது என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். மூன்றும் சரியல்ல. மூன்றாவது நம்பிக்கை ஆபத்தானதும்கூட, ஏனெனில் அனுபவமுள்ள நிரலாளர்களே அதை நம்பிப் பயனர்களின் தரவை இழக்க விட்டிருக்கிறார்கள். ஜர்னல் என்பது மாற்றங்களைச் செய்வதற்கு முன் எழுதிவைக்கும் ஒரு பதிவேடு. அது காப்பது கோப்பு முறைமையின், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டின், ஒழுங்கை மட்டுமே. அது என்ன ஒழுங்கு, அது எப்படிக் குலைகிறது என்பதை அறிய, ஒரு கோப்பைச் சேமிக்கும்போது வட்டில் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும்.

## ஒரு சேமிப்புக்கு மூன்று இடங்களில் வேலை

வன்தட்டோ எஸ்எஸ்டியோ, கோப்பு முறைமையின் கண்ணுக்கு அது எண்ணிடப்பட்ட, சம அளவுள்ள துண்டுகளின் நீண்ட வரிசைதான். அத்தகைய துண்டு ஒன்றுக்குப் பிளாக் என்று பெயர். இன்று அதன் அளவு பெரும்பாலும் 4096 பைட். ஒரு கோப்பின் உள்ளடக்கம் வட்டின் பல மூலைகளில் உள்ள பிளாக்குகளில் பரவிக் கிடக்கலாம் என்பதால், எந்தக் கோப்புக்கு எந்தெந்தப் பிளாக்குகள் உரியவை என்பதைத் தனியே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. யுனிக்ஸ், லினக்ஸ் மரபில் அந்தப் பதிவை ஐனோடு என்பார்கள். கோப்பின் அளவு, உரிமையாளர், கடைசியாக மாறிய நேரம், பிளாக் எண்கள் ஆகியவை அதில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் கோப்புறையில் இருக்கும். எந்தப் பிளாக் காலி, எது பயன்பாட்டில் உள்ளது என்பதை ஒரு பிளாக்குக்கு ஒரு பிட் என்ற கணக்கில் காட்டும் அட்டவணை பிட்மேப் எனப்படும். ஐனோடு, பிட்மேப், கோப்புறை ஆகிய மூன்றும் உள்ளடக்கத்தைப் பற்றிய தகவல்கள் என்பதால், அவற்றைச் சேர்த்து மெட்டாடேட்டா என்கிறோம். உள்ளடக்கத்தை இக்கட்டுரையில் தரவு என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு கோப்பின் கடைசியில் நீங்கள் சில வரிகளைச் சேர்க்கிறீர்கள், அவற்றுக்குப் புதிதாக ஒரு பிளாக் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய வரிகளை அந்தப் பிளாக்கில் எழுத வேண்டும். அந்தப் பிளாக்கின் எண்ணையும் கோப்பின் புதிய அளவையும் ஐனோடில் சேர்க்க வேண்டும். பிட்மேப்பில் அந்தப் பிளாக்கைப் பயன்பாட்டில் உள்ளதாகக் குறிக்க வேண்டும். இவை வட்டின் மூன்று வெவ்வேறு இடங்கள். ஆனால் செக்டர் எனப்படும் 512 அல்லது 4096 பைட் கொண்ட ஒரு சிறு பகுதியை முழுமையாக எழுதுவதைத் தாண்டி வட்டு எந்த உறுதியும் தருவதில்லை. மூன்றையும் சேர்த்து ஒரே செயலாகச் செய் என்று அதனிடம் கேட்க வழியில்லை. போதாக்குறைக்கு, இயங்குதளம் வேகத்துக்காக இந்த மாற்றங்களைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகு தனக்கு வசதியான வரிசையில் வட்டுக்கு அனுப்புகிறது. வட்டும் தன் பங்குக்கு அந்த வரிசையை மாற்றிக்கொள்கிறது.

## நடுவில் நின்றுபோனால்

மூன்றில் தரவு மட்டும் எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால், சேர்த்த வரிகள் போய்விடும். ஆனால் முறைமை குலையாது. பிட்மேப் மட்டும் எழுதப்பட்டிருந்தால், எவருக்கும் உரிமையில்லாத ஒரு பிளாக் பயன்பாட்டில் இருப்பதாகப் பதிவாகி, அந்த இடம் வீணாகும். ஐனோடு மட்டும் எழுதப்பட்டிருப்பதுதான் மிகவும் கொடியது. கோப்பு அந்தப் பிளாக்கைத் தன்னுடையது என்கிறது. பிட்மேப்போ அது காலி என்கிறது. அடுத்து வேறொரு கோப்புக்கு இடம் தேவைப்படும்போது அதே பிளாக் அதற்கும் கொடுக்கப்படும். அதன்பின் இரண்டு கோப்புகள் ஒரே இடத்தில் எழுதத் தொடங்கி, ஒன்றின் உள்ளடக்கத்தை மற்றொன்று அழிக்கும். இந்தச் சேதம் அந்தக் கணமே தெரியாது. நாட்கள் கழித்து, தொடர்பில்லாத ஒரு கோப்பைத் திறக்கும்போதுதான் வெளிப்படும்.

இன்னொரு நிலையும் உண்டு. ஐனோடும் பிட்மேப்பும் எழுதப்பட்டு, தரவு மட்டும் எழுதப்படாமல் போகலாம். அப்போது கணக்கெல்லாம் பொருந்தியிருக்கும், ஆனால் கோப்பின் கடைசிப் பகுதியில் அந்தப் பிளாக்கில் முன்பு கிடந்த ஏதோ ஒரு பழைய குப்பை இருக்கும். இந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: பயனருக்கு ஒரே செயலாகத் தெரிவது வட்டில் பல தனித்தனி எழுதும் வேலைகளாக நடக்கிறது. அவற்றுள் சில நடந்து சில நடக்காமல் போகும்போது, மெட்டாடேட்டாவின் பகுதிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. முரண்பாடு இல்லாத நிலையைத்தான் ஒழுங்கு என்று சொன்னேன்.

## முழுவதையும் தேடிப் பார்த்த காலம்

பழைய முறைமைகள் இந்த முரண்பாடுகளை முன்கூட்டியே தடுக்க முயலவில்லை. நேர்ந்தபின் தேடித் திருத்தின. விண்டோஸ் 98 கணினியை முறையாக நிறுத்தாமல் விட்டால், அடுத்த முறை அது ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டிய பிறகே உள்ளே விட்டது பலருக்கு நினைவிருக்கும். லினக்ஸில் 1993ஆம் ஆண்டு வந்த எக்ஸ்ட்2 கோப்பு முறைமைக்கு எஃப்எஸ்சிகே என்ற கருவி அதே வேலையைச் செய்தது. எல்லா ஐனோடுகளையும் படித்து, எந்தப் பிளாக் யாருக்கு உரியது என்ற பட்டியலைப் புதிதாகத் தயாரித்து, பிட்மேப்புடன் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைச் சரிசெய்யும். பெயரையும் கோப்புறையையும் இழந்து நிற்கும் கோப்புகளை "லாஸ்ட்+ஃபவுண்ட்" என்ற கோப்புறையில் வெறும் எண்களைப் பெயராக இட்டுப் போட்டுவைக்கும்.

இதில் இரு குறைகள். நின்றுபோன கணத்தில் மாறிக்கொண்டிருந்தவை சில பிளாக்குகளே என்றாலும், அவை எவை என்று தெரியாததால் வட்டு முழுவதையும் தேட வேண்டும். வட்டு பெரிதாக ஆக இந்த நேரமும் வளர்ந்தது. பெரிய சேவையகங்களில் அது மணிக்கணக்கில் நீண்டது. இரண்டாவது, கருவிக்கு முரண்பாடு தெரியுமே தவிர, நிகழவிருந்தது என்ன என்பது தெரியாது. ஆகவே அது செய்வது ஊகம்தான்.

## சிட்டையும் பேரேடும்

மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கெழுதும் முறையை அறிந்தவர்களுக்கு ஜர்னலின் அடிப்படை எளிதில் பிடிபடும். ஒருவருக்குப் பத்து மூட்டை அரிசி கடனாகக் கொடுக்கப்படுகிறது. பேரேட்டில் இருப்புப் பக்கம், அவருடைய பற்றுப் பக்கம், விற்பனைப் பக்கம் என மூன்று இடங்களை மாற்ற வேண்டும். கணக்கர் நேராகப் பேரேட்டைத் தொடுவதில்லை. முதலில் அன்றைய சிட்டையில் முழு விவரத்தையும் ஒரே இடத்தில் எழுதி, அடியில் கையொப்பமிடுகிறார். பிறகு ஓய்வாகப் பேரேட்டில் ஏற்றுகிறார். பாதி ஏற்றிய நிலையில் அவர் எழுந்து போக நேர்ந்தாலும், மறுநாள் வருபவர் பேரேடு முழுவதையும் தணிக்கை செய்ய வேண்டியதில்லை. சிட்டையின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தால் போதும். கையொப்பமுள்ள பதிவை மூன்று இடங்களிலும் ஏற்றுவார்; கையொப்பமில்லாததை நடக்காததாகக் கருதி விட்டுவிடுவார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சிட்டையில் "பத்து மூட்டை கழிக்க" என்று எழுதியிருந்தால், ஏற்கெனவே ஏற்றிய பதிவைத் தவறுதலாக மறுபடியும் ஏற்றும்போது இருப்பு இருபது மூட்டை குறைந்துவிடும். அதற்குப் பதிலாக "இனி இருப்பு நாற்பது மூட்டை" என்று எழுதியிருந்தால், எத்தனை முறை ஏற்றினாலும் விடை ஒன்றே. லினக்ஸின் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 முறைமைகள் இந்த இரண்டாம் வழியைத்தான் கடைப்பிடிக்கின்றன. மாற்றத்தை விவரிக்காமல், மாறியபின் அந்தப் பிளாக் எப்படி இருக்க வேண்டுமோ அந்த முழு வடிவத்தையும் எழுதிவைக்கின்றன.

மாற்றத்தை அதன் இடத்தில் செய்வதற்கு முன் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும் என்ற இந்த விதி, தரவுத்தளங்களிலிருந்து கோப்பு முறைமைகளுக்கு வந்தது. தரவுத்தள உலகில் இதன் மிகவும் செல்வாக்குள்ள வடிவமான ஏரிஸ் என்ற முறையை 1992இல் விரிவாக வெளியிட்ட ஐபிஎம் ஆய்வாளர்களுள் முதன்மையானவர், சென்னை ஐஐடியில் பயின்ற சி. மோகன். கோப்பு முறைமைகளில் ஐபிஎம்மின் ஜேஎஃப்எஸ் 1990இல் ஏஐஎக்ஸ் இயங்குதளத்துடன் வந்தது. 1993இல் விண்டோஸ் என்டியுடன் என்டிஎஃப்எஸ்ஸும், 1994இல் எஸ்ஜிஐ நிறுவனத்தின் எக்ஸ்எஃப்எஸ்ஸும் வந்தன. லினக்ஸின் எக்ஸ்ட்2வுக்கு ஜர்னலைச் சேர்க்கும் வடிவமைப்பை ஸ்டீஃபன் ட்வீடி 1998இல் முன்வைத்தார். அதுவே எக்ஸ்ட்3 என்ற பெயரில் 2001இல் லினக்ஸின் மையப் பகுதியான கருவகத்துக்குள் (கெர்னல்) சேர்ந்தது. நாம் தொடர்ந்து பார்க்கவிருப்பதும் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 வழியைத்தான்.

## ஜர்னலின் உண்மையான செயல்முறை

ஜர்னல் என்பது வட்டில் ஒதுக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட பகுதி. சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பைப் பரிவர்த்தனை என்கிறோம். ஒவ்வொரு சிறு செயலுக்கும் தனிப் பரிவர்த்தனை வைத்தால் வேகம் கெடும் என்பதால், எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 இரண்டும் சிறிது காலத்தில் நிகழும் எல்லா மாற்றங்களையும் ஒரே பரிவர்த்தனையாகச் சேர்த்துக்கொள்கின்றன. இயல்பான அமைப்பில் அந்த இடைவெளி 5 வினாடி.

பரிவர்த்தனையை மூடும் நேரம் வந்ததும், பின்வரும் பிளாக்குகள் வட்டில் எந்தெந்த எண்ணுக்கு உரியவை என்று சொல்லும் ஒரு தலைப்புப் பிளாக் ஜர்னலில் எழுதப்படுகிறது. அதைத் தொடர்ந்து, மாறிய ஐனோடு, பிட்மேப், கோப்புறைப் பிளாக்குகளின் புதிய வடிவங்கள் எழுதப்படுகின்றன. இவை அனைத்தும் வட்டில் உறுதியாகப் பதிந்தபின், கடைசியாகக் கமிட் பிளாக் என்ற ஒன்று எழுதப்படுகிறது. கணக்கரின் கையொப்பம் அதுதான். அதன்பின், அவசரமின்றி, அந்த வடிவங்கள் தத்தமக்குரிய இடங்களில் எழுதப்படுகின்றன. இதற்குச் செக்பாயின்ட் என்று பெயர். அது முடிந்த பரிவர்த்தனையின் இடம் விடுவிக்கப்பட்டு, ஜர்னல் வட்டமாகச் சுழன்று அதே இடத்தை மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது.

கமிட் பிளாக் ஏன் தனியாக, கடைசியில் எழுதப்பட வேண்டும் என்பதில்தான் இந்த உத்தியின் உயிர் இருக்கிறது. முன்பு சொன்னதுபோல, வட்டு தனக்கு எழுத வந்தவற்றைத் தன் விருப்பப்படி வரிசை மாற்றும். எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பினால், கமிட் பிளாக் முதலில் பதிந்து, நடுவிலுள்ள ஒரு பிளாக் பதிவதற்குள் மின்சாரம் போகலாம். மறுபடி கணினி எழும்போது கையொப்பம் இருக்கும், பதிவில் ஓரிடத்தில் பழைய குப்பை இருக்கும். கோப்பு முறைமை அந்தக் குப்பையைச் சரியான ஐனோடு என்று நம்பி, நல்ல இடத்தின்மேல் எழுதிவிடும். ஜர்னல் இல்லாதிருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது. இதைத் தவிர்க்க, கமிட் பிளாக்குக்கு முன்னும் பின்னும், "இதுவரை அனுப்பியவற்றை உன் தற்காலிக நினைவகத்திலிருந்து உண்மையான வட்டுப்பரப்புக்கு இறக்கு" என்ற ஃபிளஷ் கட்டளையை முறைமை வட்டுக்கு அனுப்புகிறது. இறக்காமலே இறக்கிவிட்டதாகப் பதிலளிக்கும் வன்பொருள் ஒன்று கிடைத்தால், இங்கே விவரித்த பாதுகாப்பு முழுவதும் பொருளற்றதாகிவிடும். கமிட் பிளாக் ஒரே செக்டருக்குள் அடங்குவதும் தற்செயலன்று. ஒரு செக்டர் பதியும் அல்லது பதியாது என்பது மட்டுமே வட்டிடமிருந்து கிடைக்கும் உறுதி என்பதால், பல பிளாக்குகளின் தலைவிதி அந்த ஒரு செக்டரில் கட்டப்பட்டிருக்கிறது.

நின்றுபோன கணினி மீண்டும் எழும்போது, முறைமை ஜர்னலை மட்டும் படிக்கிறது. கமிட் பிளாக் உள்ள பரிவர்த்தனைகளை வரிசையாக அவற்றின் இடங்களில் எழுதுகிறது, இல்லாததை விட்டுவிடுகிறது. இதை ரீப்ளே என்பார்கள். ரீப்ளே நடக்கும்போதே மறுபடியும் மின்சாரம் போனாலும் கவலையில்லை. முழு வடிவங்களே எழுதப்படுவதால், அடுத்த முறை தொடக்கத்திலிருந்து செய்தாலும் விடை மாறாது. பல டெராபைட் வட்டிலும் இந்த வேலை பெரும்பாலும் சில வினாடிகளில் முடிகிறது, ஏனெனில் அதற்கு ஆகும் நேரம் ஜர்னலின் அளவைப் பொறுத்தது, வட்டின் அளவைப் பொறுத்ததன்று.

சுருங்கச் சொன்னால்: முதலில் பதிவு, பிறகு கமிட், அதன்பின் உரிய இடத்தில் எழுதுதல். கமிட்டுக்கு முன் நின்றால் பழைய நிலை, பின் நின்றால் புதிய நிலை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை மெட்டாடேட்டாவுக்கு இல்லை.

## தரவின் கதி

மேலே விவரித்ததில் ஐனோடு, பிட்மேப், கோப்புறை பற்றித்தான் பேச்சு. உங்கள் வரிகள் எங்கே? பெரும்பாலான அமைப்புகளில் அவை ஜர்னலுக்குள் செல்வதே இல்லை. எல்லாத் தரவையும் ஜர்னலில் ஒரு முறை, உரிய இடத்தில் ஒரு முறை என இருமுறை எழுதினால், பெரிய கோப்புகளை எழுதும் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்று தேர்வுகளைத் தருகின்றன. முதலாவது, தரவையும் ஜர்னலில் எழுதுவது. பாதுகாப்பு மிகுதி, செலவும் மிகுதி. இரண்டாவது, மெட்டாடேட்டாவை மட்டும் ஜர்னலில் எழுதி, தரவு எப்போது வட்டுக்குப் போகிறது என்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவது. நினைவில் வைக்கச் சொன்ன அந்த நிலை இதில் நேரும்: ஒழுங்கான ஐனோடு, அது சுட்டும் இடத்தில் குப்பை. பல பயனர்கள் உள்ள கணினியில் அந்தக் குப்பை வேறொருவர் அழித்த கோப்பின் பகுதியாகவும் இருக்கலாம் என்பதால், இது அந்தரங்கம் சார்ந்த சிக்கலும் ஆகும். மூன்றாவதே இயல்பான தேர்வு: புதிய பிளாக்குகளுக்கான தரவு முதலில் அதன் இடத்தில் எழுதப்படும், அதன் பிறகே அதைச் சுட்டும் மெட்டாடேட்டா கமிட் ஆகும். ஜர்னலுக்குள் தரவு செல்லாவிட்டாலும், வரிசையைக் காப்பதால் குப்பை தெரிவது தடுக்கப்படுகிறது. செலவுக்கும் பயனுக்கும் இடையே இது நல்ல தீர்வு என்பது என் கருத்து. ஆனால் இத்தேர்விலும், பழைய கோப்பின் நடுப்பகுதியை மாற்றி எழுதும்போது மின்சாரம் போனால், பாதி புதிதும் பாதி பழையதுமாக ஒரு கோப்பு எஞ்சலாம். மெட்டாடேட்டாவில் மாறியது ஒன்றுமில்லாததால், ஜர்னலின் பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

## 2009இல் காணாமற்போன அமைப்புக் கோப்புகள்

ஜர்னலின் எல்லையை உலகுக்குக் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. எக்ஸ்ட்4 முறைமை 2008 டிசம்பரில் நிலையான வடிவமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில், லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின், அப்போது சோதனையில் இருந்த 9.04 பதிப்பைப் பயன்படுத்தியவர்கள், கணினி திடீரென நின்று மீண்டும் எழுந்தபோது தங்கள் விருப்பத்தேர்வுகளைச் சேமித்துவைக்கும் மேசைத்தள அமைப்புக் கோப்புகள் பல பூஜ்ய பைட் அளவில் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார்கள். எக்ஸ்ட்3இல் இப்படி அரிதாகவே நேர்ந்தது. புதிய முறைமையின் ஜர்னல் பழுது என்று பலர் கோபப்பட்டார்கள்.

ஜர்னலில் பழுதில்லை. எக்ஸ்ட்4, எழுதப்படும் தரவுக்கு எந்தப் பிளாக்கைக் கொடுப்பது என்ற முடிவையே தள்ளிப்போடுகிறது. சேர்த்துவைத்து ஒதுக்கினால் கோப்பு சிதறாமல் அடுத்தடுத்த இடத்தில் அமையும் என்பதே காரணம். இதனால் தரவு அரை நிமிடமோ அதற்கு மேலுமோ நினைவகத்திலேயே காத்திருக்கலாம். செயலிகளோ பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டுப் புதிய உள்ளடக்கத்தை எழுதின. அல்லது புதிய கோப்பை எழுதி உடனே பழைய பெயரை அதற்கு இட்டன. வெறுமையாக்கியதும் பெயர் மாற்றியதும் மெட்டாடேட்டா மாற்றங்கள் என்பதால் அவை சில வினாடிகளிலேயே கமிட் ஆயின. உள்ளடக்கம் இன்னும் நினைவகத்தில் இருந்தது. அந்த இடைவெளியில் கணினி நின்றால், ஒழுங்கு சிறிதும் குலையாத, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கோப்பு மிஞ்சும்.

எக்ஸ்ட்4இன் முதன்மை உருவாக்குநரான தியடோர் ட்ஸோ சரியான வழியை விளக்கினார். புதிய உள்ளடக்கத்தை வேறொரு பெயரில் எழுத வேண்டும். எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம், இந்தக் கோப்பின் தரவு வட்டில் பதியும்வரை காத்திருக்கிறேன் என்று இயங்குதளத்திடம் சொல்ல வேண்டும். அதன் பிறகே பெயரை மாற்ற வேண்டும். செயலி எழுதியோர் இதைச் செய்யாமல் விட்டதற்கும் காரணம் இருந்தது. எக்ஸ்ட்3இல் ஒரு சிறு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டாலும், வரிசையைக் காக்கும் விதியால் மற்றச் செயலிகளின் நிலுவைத் தரவும் சேர்ந்து எழுதப்பட்டாக வேண்டியிருந்தது. 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 உலாவி லினக்ஸில் அவ்வப்போது உறைந்து நின்றதற்கு இதுவே காரணமாக இருந்தது. அதைப் பார்த்தவர்கள் எஃப்சிங்க்கை அஞ்சித் தவிர்த்தார்கள். 2009இல் வந்த லினக்ஸ் 2.6.30 கருவகத்தில், இத்தகைய பெயர்மாற்றத்தையும் வெறுமையாக்கலையும் கண்டுகொண்டு தரவை முன்கூட்டியே எழுதும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. எனினும் அது ஒரு கருணை ஏற்பாடு. எஃப்சிங்க்கின் இடத்தை அது நிரப்பாது.

## ஜர்னலுக்கு வெளியே உள்ளவை

நீங்களே அழித்த கோப்பை ஜர்னல் திருப்பித் தராது. அழிப்பதும் ஒரு முறையான பரிவர்த்தனையே, அதுவும் ஒழுங்காகக் கமிட் ஆகும். சில மீட்புக் கருவிகள் ஜர்னலில் இன்னும் மேலெழுதப்படாமல் எஞ்சியிருக்கும் பழைய ஐனோடு நகல்களைத் தேடிப் பயன்படுத்துவது உண்மைதான், ஆனால் அது எஞ்சியிருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. வட்டுப்பரப்பு தேய்ந்து தரவு கெட்டாலும் ஜர்னலுக்குத் தெரியாது. காப்பு நகலின் வேலையைக் காப்பு நகல்தான் செய்ய வேண்டும்.

பென்டிரைவ்களிலும் கேமரா அட்டைகளிலும் பொதுவாக உள்ள ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைமைகளில் ஜர்னலே கிடையாது. கணினியின் உள்வட்டில் திடீர் நிறுத்தத்தைத் தாங்கிப் பழகிய ஒருவர், அதே துணிவில் பென்டிரைவைப் பிடுங்குவது இக்காரணத்தால் பெரும் தவறு. இக்கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த எல்லா முரண்பாடுகளும் அங்கே இன்றும் நேரும்.

ஜர்னல் இல்லாமலே ஒழுங்கைக் காக்கும் வழியும் வந்துவிட்டது. சன் நிறுவனம் உருவாக்கிய இசட்எஃப்எஸ், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் ஆகியவை இருக்கும் பிளாக்கின்மேல் எழுதுவதில்லை. மாறியவற்றைக் காலி இடத்தில் புதிதாக எழுதி, அவற்றைச் சுட்டும் மேல்நிலைப் பிளாக்குகளையும் புதிதாக எழுதி, கடைசியில் உச்சியிலுள்ள ஒரே ஒரு பதிவை மாற்றுகின்றன. அந்தப் பதிவு மாறும்வரை பழைய முறைமை அப்படியே இருக்கும். ஆனால் இவற்றிலும் மாற்றங்கள் சிறிது நேரம் நினைவகத்தில் சேர்ந்த பிறகே வட்டுக்குப் போகின்றன. ஒரு செயலி எஃப்சிங்க் கேட்டால் அதற்காக உச்சிவரையுள்ள மேல்நிலைப் பிளாக்குகளை எல்லாம் அப்போதே எழுதுவது கட்டுப்படியாகாது. ஆகவே இவ்விரு முறைமைகளும், எஃப்சிங்க் கேட்ட மாற்றங்களை மட்டும் உடனே எழுதிவைக்க ஒரு சிறு பதிவேட்டைத் தனியாக வைத்திருக்கின்றன. கணினி நின்று எழுந்தால், அந்தப் பதிவேட்டைப் படித்து விடுபட்டவற்றைச் சேர்த்துக்கொள்கின்றன.